ஆரேயும் நூற்றுக்கு இரண்டரையும்

கேள்வி: மும்பை கோரேகாவை ஒட்டிய பசும்பகுதியான ஆரேயில் ஏறத்தாழ 1,300 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. மெட்ரோ பணிமனைக்கு எடுத்தது வெறும் 33 ஹெக்டேர். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. வெட்டிய மரங்களுக்குப் பல மடங்கு கன்றுகளும் நட்டுவிட்டார்கள். சென்ற இதழிலும் அதற்காக வருந்தி எழுதியிருக்கிறீர்களே, மும்பைக்கு மெட்ரோவே வேண்டாம் என்கிறீர்களா?
(வாசகர் ஒருவர், முலுண்டு)

பதில்: வேண்டும். அந்தப் பணிமனையைப் பயன்படுத்தும் மூன்றாம் தடத்து மெட்ரோ ரயிலில் நானும்தான் போய்வருகிறேன். ஆரேயில் போராடியவர்களில் பெரும்பாலோரும் ரயிலை எதிர்க்கவில்லை. ரயில் பெட்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்தைக் காட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2020-இல் மாநில அரசே அதைக் கிழக்குப் புறநகரான காஞ்சூர்மார்குக்கு மாற்ற முடிவெடுத்தது. அந்த நிலம் யாருடையது என்று மத்திய அரசும் மாநில அரசும் மல்லுக்கட்ட, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022-இல் ஆட்சி மாறியதும் பணிமனை ஆரேக்கே திரும்பியது.

உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆரே கரைந்ததே இப்படிப்பட்ட பிழையில்லாத கணக்குகளால்தான். நகரத்து மாட்டுக் கொட்டகைகளை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோக 1949-இல் உருவாக்கப்பட்ட பால் குடியிருப்பு அது. பிறகு அதில் ஒரு பகுதி திரைப்பட நகருக்குப் போயிற்று, ஒரு பகுதி ரிசர்வ் போலீஸுக்கு, 2008 தாக்குதலுக்குப் பின் ஒரு பகுதி கமாண்டோ பயிற்சிக்கு. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் மொத்தத்தில் சிறு பங்காகவே காட்டப்பட்டது. ஏற்கெனவே போனது எவ்வளவு, எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கோப்பிலும் கூட்டிப் பார்க்கவில்லை. நீங்களும் கூட்டவில்லை.

ஈடாக நட்ட மரங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். 2019 அக்டோபர் 4 அன்று மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்றிரவே வெட்டத் தொடங்கி, 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் 2,141 மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். அதற்கு மாற்றாகக் கன்றுகள் நட்ட இடம் பெரும்பாலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. ஏற்கெனவே காடாக இருக்கும் இடத்தில் கன்று நட்டுவிட்டு, இன்னொரு காட்டை இழந்ததற்கு ஈடு என்று எழுதிக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மரத்தை எண்ணலாம். மரத்தடிப் புல், புல்லில் மேயும் மான், கல்லுக்கடியில் வாழும் தேள் (ஆரேயின் பெயரையே சூட்டிய தேள் இனம் ஒன்று உண்டு), இவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நட முடியாது.

சிறுத்தைக்குப் பூங்காவின் வேலி எல்லையல்ல. 104 சதுர கிலோமீட்டர் பூங்காவிலும் அதையொட்டிய ஆரே போன்ற பகுதிகளிலும் 2018-இல் தானியங்கிக் கேமராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது 47 சிறுத்தைகள் தென்பட்டன. அவை இரவில் நடக்கும் வழியில் மதிலும் மின்விளக்கும் குப்பைமேடும் வந்தால், குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். 2022 தீபாவளியன்று விடியற்காலையில் ஆரேயில் ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பணிமனைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லச் சான்றில்லை. ஆனால் இந்த நெருக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் ஆரேயின் பாடாக்களில் (சிற்றூர்களில்) வசிக்கும் வார்லிப் பழங்குடி மக்களும் ஏழைக் குடும்பங்களுமே ஒழிய, ‘காடு பார்த்த பால்கனி’ என்ற விளம்பரத்தைக் கண்டு அடுக்குமாடி வாங்கியவர்கள் அல்லர்.

நம் தமிழருக்கும் இதில் பாதிப்பிருக்கிறது. பணிமனை அமைந்திருப்பது மிட்டி ஆற்றின் கரையில். விகார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீரைக் கொண்டுவரும் அந்த ஆறு குர்லாவையும் தாராவியையும் தொட்டுத்தான் மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆற்றங்கரை என்ன ஆயிற்று என்பதைத் தாராவித் தமிழர்களிடம் கேளுங்கள். மேலே மழையை உறிஞ்சும் மண்ணைக் கான்கிரீட் போட்டு மூடினால், அந்த நீர் கீழே இருப்பவர் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

ஆரே காடே அல்ல என்று 2019-இல் வாதிட்ட அதே மாநில அரசு, ஆட்சி மாறியபின், மறு ஆண்டே அதில் ஏறத்தாழ 800 ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மண்ணும் மரமும் ஓராண்டில் மாறிவிடவில்லை.

இப்போது உங்கள் ஊருக்கே கோரேகாவ்–முலுண்டு இணைப்புச் சாலை வருகிறது. பூங்காவுக்கு அடியில் 4.7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுவதை, மேலே சாலை போட்டுக் காட்டை இரண்டாகப் பிளப்பதைவிட நல்ல வழியென்றே கருதுகிறேன். ஆனால் சுரங்க வாய்க்காகத் திரைப்பட நகர்ப் பக்கம் மரம் வெட்ட மாநகராட்சி அனுமதி கேட்டபோது, அதற்கும் தனியாக ஒரு சிறு எண்தான் சொல்லப்பட்டது. 1949 முதல் இன்றுவரை ஆரேயிலிருந்து எடுத்த நிலம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் குறித்து வெளியிடுமாறு மாநகராட்சிக்கு எழுதுங்கள். பதில் வந்தால் அனுப்புங்கள், அட்டையிலேயே போடுகிறோம்.