சொந்தமா ரெக்கார்ட் பண்ண சத்தத்தை சாம்ப்ளர்ல போட்டா பொம்மை கீபோர்ட் மாதிரி கேக்குது, ஃபில்டரும் என்வலப்பும் எப்படி வைக்கணும்?

நீங்க கேட்ட அதே பிரச்சனையோட நான் ரெண்டு மாசம் உக்காந்திருக்கேன், அதனால என் பானை கதையவே சொல்றேன்.

நான் மும்பைல மாட்டுங்கா பக்கம் இருக்கேன். தாராவி கும்பார்வாடாவுல ஒரு மண்பானை வாங்கப் போனேன், கடைக்காரர் ஒவ்வொரு பானையா எடுத்து விரல் முட்டியால தட்டிக் காட்டுறாரு, நல்ல பானைன்னா ணங்னு கேக்கும், விரிசல் இருந்தா தட்னு செத்த சத்தம் வரும், நம்ம ஊர்ல பாட்டிங்க தட்டிப் பாத்து வாங்குறதும் இதேதான். கச்சேரில வாசிக்கிற மானாமதுரை கடம் இல்ல இது, சாதாரண தண்ணிப் பானை. ஆனா பானை வாயில உள்ளங்கைய வச்சு அடிச்சா கும்முனு ஒரு அடி வருது பாருங்க, அத விடவே மனசு வரல. லோக்கல் ட்ரெய்ன் ஓடாத நேரமா பாத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு ரெக்கார்ட் பண்ணேன். சாம்ப்ளர்ல, அதாவது ரெக்கார்ட் பண்ண சத்தத்தை நோட்டு நோட்டா வாசிக்க வைக்கிற கருவியில, போட்டு கீபோர்டுல வாசிச்சா, நீங்க சொன்ன அதே பொம்மைச் சத்தம்.

காரணம் என்னன்னா, சாம்ப்ளர் சுருதிய ஏத்துறதுக்கு சத்தத்தை வேகமா ஓட்டுது, அவ்ளோதான். ஒரு ஆக்டேவ் (ஸ லருந்து மேல் ஸ வரைக்கும்) மேல போனா ரெண்டு மடங்கு வேகம், 600 மில்லிசெகண்ட் சத்தம் 300 ஆயிடும், ஒரு ஆக்டேவ் கீழ போனா 1200 ஆகி இழுக்கும். அதோட எப்படி அடிச்சாலும் அதே ஒரே அடி. நிஜப் பானை அப்படி இல்லையே. அத மெதுவா தட்டினா சத்தம் மட்டும் கொறையல, பளிச்சுனு இருக்கிற மேல் பகுதியே வராது. ஓங்கித் தட்டினா அந்தப் பளிச்சு வரும், ஆனா அதுதான் முதல்ல சாகும், அடியில இருக்கிற கும் மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். தட்டி ஒலிக்கிற எந்தப் பொருளும் பெரும்பாலும் இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தை சாம்ப்ளருக்கு சொல்லிக் கொடுக்கிறதுதான் முழு வேலையும், சத்தத்தோட மேல் கீழ் பகுதிய ஏத்தி இறக்குற ஈக்யூ, எதிரொலி சேக்குற ரிவர்ப் எல்லாம் அப்புறம், முதல்ல அதுல கை வைக்காதீங்க.

வால்யூம் என்வலப்ப, அதாவது ஒரு அடிக்குள்ள சத்தம் எப்படி ஏறி இறங்கணும்னு சொல்ற அமைப்ப, முதல்ல பாருங்க. அட்டாக் (ஏறுறது), டிகே (இறங்குறது), சஸ்டெயின் (கீய அமுக்கி வச்சிருக்கும்போது நிக்கிறது), ரிலீஸ் (விரலை எடுத்ததும் அடங்குறது)னு நாலு இருக்கும், இதுல அட்டாக் டிகே ரிலீஸ் மூணும் நேரம், சஸ்டெயின் மட்டும் நேரம் இல்ல, அளவு. இது புரியாமதான் பாதி பேர் திணறுறாங்க. சஸ்டெயின் முழுசா இருந்தா டிகேவ எவ்ளோ திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது, இறங்குறதுக்கு இடமே இல்லையே. பானைக்கு அட்டாக் பூஜ்யம், டிகே ஒரு 500 மில்லிசெகண்ட், சஸ்டெயின் பூஜ்யம், இதுலயே கீழ் நோட்டு இழுக்கிறது நின்னுடும். ரிலீஸ் 80, 100 கிட்ட வைங்க, ரொம்ப கம்மியா வச்சா விரலை எடுக்கும்போது டிக்னு கேக்கும். ஆரம்பத்துல டிக் வந்தா அட்டாக்க 1, 2 மில்லிசெகண்ட் ஏத்துங்க, அதுக்கு மேல போனா தட்டுற அந்த முனையே மழுங்கிடும்.

இப்போ ஃபில்டர், இங்கதான் எனக்கு ஒரு வாரம் போச்சு. லோ பாஸ் ஃபில்டர் (ஒரு எல்லைக்கு மேல இருக்கிற சத்தத்தை கொறைக்கிறது, அந்த எல்லைதான் கட்டாஃப்) போட்டு, ஒவ்வொரு அடிக்கும் அந்த எல்லைய ஏத்தி இறக்குற என்வலப் அளவ ஏத்துறேன் ஏத்துறேன், ஒரு மாத்தமும் இல்ல. ஏன்னா கட்டாஃப் ஏற்கனவே முழுசா திறந்து இருக்கு, திறந்த கதவ இன்னும் எங்க திறக்கிறது? மொதல்ல கட்டாஃப மூடணும். நான் 400 ஹெர்ட்ஸ் கிட்ட இறக்கினேன், பானை கம்பளிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி ஆச்சு. அப்புறம் என்வலப் அளவ மூணு ஆக்டேவ் வச்சேன், அதாவது ஒவ்வொரு அடியிலயும் ஃபில்டர் 3200 வரைக்கும் திறந்துட்டு மறுபடி 400க்கு வரும். ஃபில்டர் என்வலப்போட டிகே 150, சஸ்டெயின் பூஜ்யம். வால்யூம் 500ல இறங்குது, பளிச்சு 150லயே இறங்குது, அந்த வித்தியாசத்துலதான் மண்ணு உயிரோட வந்துச்சு. அந்த ராத்திரி ஹெட்ஃபோன்ல கேட்டப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு.

அடுத்து வெலாசிட்டிய அந்த என்வலப் அளவோட இணைங்க, வால்யூமோட மட்டும் இணைச்சா பத்தாது. மிடியில (கீபோர்டு சாம்ப்ளருக்கு தகவல் அனுப்புற முறை) 1லருந்து 127 வரைக்கும் வர்ற அந்த எண்தான் உங்க விரலோட பலம், மெதுவா தொட்டா ஃபில்டர் கொஞ்சமா திறக்கணும், ஓங்கினா முழுசா.

கீ டிராக்கிங்கையும், அதாவது நோட்டு மேல போகப் போக கட்டாஃபும் கூடவே ஏறுறத, 100 சதவீதம் வைங்க. நடு ஸி 261 ஹெர்ட்ஸ் சொச்சம், அதுக்கு ரெண்டு ஆக்டேவ் மேல இருக்கிற ஸி 1046, கட்டாஃப் 400லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னா அந்த நோட்டோட அடிச் சுருதியே ஃபில்டருக்கு வெளிய போயிடும். 24 டிபி ஃபில்டர்னா, அதாவது ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டுறதுன்னா, இன்னும் மோசம், கட்டாஃப்லருந்து ஒரு ஆக்டேவ் தள்ளினாலே பதினாறுல ஒரு பங்கு ஆயிடும், 12 டிபில நாலுல ஒரு பங்குதான். பானை மாதிரி மண் சத்தத்துக்கு எனக்கு 12தான் புடிக்கும். 24 போட்டா சிந்தசைசர் வாசம் அடிக்குது.

ரெசோனன்ஸ, அதாவது கட்டாஃப் கிட்ட இருக்கிற சத்தத்தை மட்டும் தூக்கிக் காட்டுறத, கொஞ்சமா வைங்க, ஏத்தினா என்வலப் இறங்கும்போது வ்யாவ்னு ஒரு சத்தம் வரும், மண்ணு போயிடும். ஆனா ஒண்ணு செஞ்சு பாருங்க, கீ டிராக்கிங் 100ல இருக்கும்போது என்வலப் அளவ பூஜ்யமாக்கி ரெசோனன்ஸ நல்லா ஏத்தி கட்டாஃப வாசிக்கிற நோட்டோட சுருதிக்கு சேத்துட்டீங்கன்னா, ஃபில்டரே அந்த நோட்டுல ரீங்காரம் போடும், சுருதியே இல்லாத வெறும் தட்டுச் சத்தம் கூட பாட்டுல வாசிக்கிற பேஸ் ஆயிடும். கதவு தட்டுற சத்தம், டப்பா மூடி, எதுல வேணா வேலை செய்யும்.

இன்னொன்னு, ரெக்கார்டிங்ல கரண்ட் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ்ல இருந்தா சாம்ப்ளருக்கு போறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. உள்ள போனதுக்கப்புறம் ஒரு ஆக்டேவ் மேல வாசிச்சா அதுவும் கூடவே ஏறி 100 ஆயிடும், அப்புறம் ஒரே இடத்துல வெட்டி எடுக்க முடியாது.