சிவகாசிப் பட்டாசுக் குடும்பங்கள் எப்படித் தொடங்கின?

சிவகாசியில் பட்டாசுத் தொழிலை முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். உண்மையில் முதலில் வந்தது பட்டாசு இல்லை, தீப்பெட்டி!

அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் உறவுக்காரர்கள். 1922-இல் கல்கத்தாவுக்குப் போய், சில மாதம் தங்கித் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அப்புறம் தனித்தனியாகப் பிரிந்தார்கள். அய்ய நாடாருக்கு 'அணில்' மார்க், சண்முக நாடாருக்கு 'காக்கா' மார்க். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் “ஒரு காக்கா கொடுங்க” என்று கேட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால் பாதி வியாபாரமே அந்தப் படத்தில்தான் இருந்தது.

தீக்குச்சியிலிருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து வெடி என்று தொழில் வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால் மருந்து நமத்துப்போகாமல் வெயிலிலேயே காய்ந்துவிடும். லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள்தான் பிற்பாடு காலண்டருக்கும் மாறின.