தற்கொலைச் செய்தியை எப்படிப் போடுவது?

ஊர் வாட்ஸ்அப் செய்திக் குழுவில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி இறந்தார், எந்த இடத்தில் என்பதை விட்டுவிடுங்கள், கடிதமும் அழும் அம்மாவின் படமும் வேண்டாம். ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவரை அது அதே வழியில் தள்ளக்கூடும். சும்மா பயமுறுத்தவில்லை, வியன்னாவில் 1987இல் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதைப் பத்திரிகைகள் நிறுத்தியதும் அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

தலைப்பில் ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள். மண்டபத்து டீக்கடையில் ஒருவர் "கடன் தொல்லையால் மீனவர் விபரீத முடிவு" என்று சத்தமாக வாசிக்க, பக்கத்தில் வலைக்கு வாங்கிய கடனோடு உட்கார்ந்திருந்தவர் டீயைத் தொடாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனநோய்ச் செய்தி என்றால் நம் பக்கம் ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள், 28 உயிர். இன்றும் பலருக்கு அந்த ஊர் என்றால் சங்கிலிப் படம்தான் வேண்டும், என்ன புத்தியோ. சிகிச்சையில் இருப்பவரின் படத்தைச் சம்மதமில்லாமல் போடக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அப்புறம், செய்தியின் கீழே 14416 போடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.