காப்பகம், விடுப்பு, அங்கன்வாடி: பணிபுரியும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மகப்பேறு விடுப்பையும் குழந்தைகள் காப்பகத்தையும் பற்றியவை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அடங்கிவிட்டன. பழைய பிரிவு எண்களைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கமாகச் சொல்வதை இப்போதும் சொல்கிறேன்: எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியுடன் ஒப்புகை பெறுங்கள்.

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் ஆண்கள் 160 பேரும் பெண்கள் 40 பேரும் வேலை செய்கிறோம். பெண்கள் 50 பேருக்குக் குறைவாக இருப்பதால் காப்பகம் அமைக்கத் தேவையில்லை என்று நிர்வாகம் சொல்கிறது. சரியா? (வாசகி, சென்னை)

பதில்: தவறு. மொத்த ஊழியர்கள் 50 பேர் இருந்தாலே போதும். அவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்ற கணக்கே இதில் வராது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே நிலை இதுதான். நிறுவனம் தன் வளாகத்திலேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகமாகவும் நடத்தலாம். எதுவுமே செய்யாமல் இருப்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

கேள்வி: எனக்கு மகப்பேறு விடுப்பு எத்தனை நாள் கிடைக்கும்? உடனே பதில் தேவை. (வாசகி, ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எங்கே வேலை செய்கிறீர்கள், எப்போது சேர்ந்தீர்கள், சம்பளம் எவ்வளவு, இது எத்தனையாவது குழந்தை என்ற நான்கில் ஒன்றைக்கூடத் தெரிவிக்காமல் உடனே பதில் கேட்கிறீர்கள். இத்தகைய கடிதங்கள் ஒவ்வொரு முறையும் வருகின்றன. விவரம் இல்லாமல் யாரும் பொறுப்பான பதில் தர முடியாது. பொதுவாகச் சொல்ல முடிந்தது இவ்வளவே. நீங்கள் தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்து, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், 2021 ஜூலை முதல் 12 மாதம் உண்டு. தனியார் நிறுவனத்தில் இருந்தால், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரம் வரை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவாகியிருந்தால் பணம் தருவது நிறுவனம் அன்று, இ.எஸ்.ஐ. கழகம், அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நிலை இவற்றில் எது என்று பார்த்துக்கொண்டு, எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் தந்தை. மனைவியின் பிரசவத்துக்கு எனக்குச் சட்டப்படி விடுப்பு உண்டா? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் துறைக்குப் பழைய சட்டத்திலும் இல்லை, புதிய தொகுப்பிலும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் உள்விதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்ற எண்ணத்தைச் சட்டமே நிலைநிறுத்துவது பெரிய குறை.

கேள்வி: எங்கள் பின்னலாடைத் தொழிற்சாலையில் நேரடித் தொழிலாளர் 45 பேர், ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்கள் 60 பேர். பெண்கள் 30 பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் காப்பகப் பொறுப்பு வராது என்று எங்கள் ஆலோசகர் சொல்கிறார். (மனிதவள அலுவலர், திருப்பூர்)

பதில்: உங்கள் ஆலோசகர் பழைய சட்டத்தைச் சொல்கிறார், அதையும் அரைகுறையாகச் சொல்கிறார். தொழிற்சாலைகள் சட்டத்தின்படி 30 பெண்களுக்கு மேல் இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று இருந்தது. அப்போதே ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் அடங்கினார்கள். புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 50 தொழிலாளருக்கு மேல் என்று சொல்கிறது. அதில் ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் பெண்களின் எண்ணிக்கையை 29-இல் நிறுத்தி வைத்த பழக்கம், காப்பகத்தை மட்டுமல்லாமல் பல பெண்களின் வேலையையும் சேர்த்தே பறித்தது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரில் இந்தப் பழக்கம் தொடர்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அறையைக் கட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் காப்பகம் என்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள். பாதி நாள் பூட்டியே இருக்கிறது. நல்ல காப்பகம் எப்படி இருக்க வேண்டும்? (வாசகி, ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை அளவுகோலாகக் கொள்ளுங்கள். பணியிடத்திலிருந்து சுமார் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெற்றோரின் பணி நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும், அதற்கு மேற்பட்டவர்கள் இருபது பேருக்கு ஒருவரும், உதவியாளரும் இருக்க வேண்டும். தரைத்தளம், காற்றோட்டம், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை, பால் காய்ச்ச வசதி ஆகியவற்றை நேரில் பாருங்கள். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கென இரண்டு இடைவேளைகளும் உண்டு. பூட்டியிருந்த நாட்களைத் தேதியோடு குறித்து வைத்து, இன்னும் இரண்டு தாய்மார்களின் கையெழுத்தையும் சேர்த்து, நிர்வாகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள்; ஒப்புகை பெறுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கும்போது, அரசு தனியாகப் பகல்நேரக் காப்பகங்களுக்கும் ஏன் செலவு செய்ய வேண்டும்? வீட்டில் பாட்டி, தாத்தா இல்லையா? பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வேறு தரப்படுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்வியை அதிகாரிகள் கேட்டும் அறிந்திருக்கிறேன், சட்டம் படித்தவர்கள் கேட்டும் அறிந்திருக்கிறேன்; எனவே சற்று விரிவாகவே பதில் தருகிறேன்.

அங்கன்வாடி எதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவையே. வேலைக்குப் போகும் தாயின் நேரத்தை வைத்து அது வகுக்கப்படவில்லை. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 மையங்கள் உள்ளன. அவை செய்திருக்கும் நன்மையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மையத்தில் வந்து அமரும் குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கிடைப்பது சத்துமாவுப் பொட்டலமும் எடை பார்ப்பதும்தான். ஆறாவது மாதத்தில், அதாவது 26 வார விடுப்பு முடியும் கட்டத்தில், தாய் வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தைக்கு அங்கன்வாடிக் கதவு திறக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அந்த ஒன்றரை ஆண்டுக்குப் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லை. அதன் பிறகும் மையம் மாலை நான்கு மணிக்குள் மூடப்படுகிறது. தையல் பிரிவில் நிற்பவளின் வேலை ஆறு மணிக்கோ எட்டு மணிக்கோ முடிகிறது. பெரும்பாலான மையங்களில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். அந்தப் பணியாளருக்கே வீடு வீடாகச் செல்வது, பதிவேடுகள், கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது, பல இடங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி என அடுக்கடுக்கான வேலைகள். மடியில் வைத்து ஊட்டி, துணி மாற்றி, தூங்க வைக்க வேண்டிய கைக்குழந்தைகளையும் அவரிடமே ஒப்படைப்பது யாருக்கும் நியாயமாகாது.

பாட்டி, தாத்தா இருக்கிறார்களே என்கிறீர்கள். ஏழைக் குடும்பங்களில் ஐம்பது வயதுப் பாட்டியும் பீடி சுற்றுகிறார், களையெடுக்கிறார், வீட்டு வேலைக்குப் போகிறார். வேலை தேடிக் குடிபெயர்ந்த குடும்பத்தில் பாட்டியே கிடையாது. பாட்டி இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு பத்து வயது அக்காள் மேல் விழுகிறது. அவளுடைய பள்ளிப் படிப்பு நிற்கிறது. அதுவும் இல்லாத இடத்தில், கட்டடத் தளங்களில் மணல் குவியலுக்கும் கம்பிகளுக்கும் நடுவே தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுத் தாய் சித்தாள் வேலை செய்கிறாள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமே 50 பெண்களுக்கு மேல் உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. ஒப்பந்தங்களைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்து, எந்த இடத்திலும் ஐம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊரக வேலை உறுதிக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணியிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே முழுக் கூலியில் அமர்த்த வேண்டும் என்ற நல்ல விதி இருந்தது. அதை நடைமுறையில் கண்டவர்கள் மிகச் சிலர்.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தேவையான ஒன்று. ஆனால் அந்தத் தொகைக்குத் தனியார் காப்பகத்தில் ஒரு வாரம்கூட விடுவது கடினம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இடமும் இல்லாதபோது கையில் பணம் தந்து பொறுப்பைத் தீர்த்துவிட முடியாது.

அரசு இதற்கென்று வைத்திருந்த திட்டத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய தேசியக் காப்பகத் திட்டத்தின் கீழ் ஒரு கட்டத்தில் நாடு முழுவதும் 23,000 காப்பகங்கள் இருந்தன. 2017-இல் செலவில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு மாற்றப்பட்ட பிறகு, அந்த எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே 7,000-க்கும் கீழே போயிற்று. ஒரு திட்டம் மூடப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. நிதி தாமதமானது, பணியாளர் மதிப்பூதியம் நின்றது, காப்பகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. 2022-இல் பால்னா என்ற பெயரில் அதைப் புதுப்பித்து, நாடு முழுமைக்கும் 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள் என்று இலக்கு வைத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்திய நாட்டுக்கே 17,000 என்றால், தமிழ்நாட்டில் மட்டும் அங்கன்வாடிகள் 54,000.

செலவைப் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 1982 ஜூலை 1-ஆம் நாள் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்றுதான் கேட்டார்கள். அன்று அதைக் கைவிட்டிருந்தால் இந்த மாநிலத்தின் பள்ளிச் சேர்க்கை இன்று வேறாக இருந்திருக்கும். அங்கன்வாடிக் கட்டடமும் சமையலறையும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுதலாக இரண்டு பணியாளர், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓர் அறை, மாலை ஆறரை வரை நேரம் ஆகிய மூன்றும் போதும். நகர வார்டுகளிலும் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊராட்சிகளிலும் இதை முதலில் செய்ய வேண்டும். நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இதுவே.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு வயதுக் குழந்தை. அவருக்காக நான் எழுதுகிறேன். எங்கே விடலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: அவருக்காக எழுதியதற்கு நன்றி. உங்கள் பகுதியின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் சென்று, அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம் அருகில் உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். இருந்தால் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்வார்கள். இல்லை என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தேவை பதிவானால்தான் புதிய காப்பகம் கேட்க முடியும். அதுவரை அவருடைய வேலை நேரத்தை மாற்றித் தரவும், குழந்தையை உங்கள் வீட்டுக்கே அழைத்து வர அனுமதிக்கவும் உங்களால் முடியும். வீட்டுப் பணியாளர்களுக்கு மேலே சொன்ன சட்டங்களில் எதுவும் நேரடியாக உதவாது.

கேள்வி: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இன்னும் பணம் வரவில்லை. (வாசகி, விழுப்புரம்)

பதில்: மொத்தம் 18,000 ரூபாய்; அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும், மீதி தவணைகளாக வரும். கர்ப்பம் தெரிந்த தொடக்க மாதங்களிலேயே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) பெற்றீர்களா, வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே ஆதாரோடு இணைந்துள்ளதா என்று பாருங்கள். தாமதமாகும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். சரியாக இருந்தால் வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். இரண்டாம் திருமணம். இது எனக்கு மூன்றாவது குழந்தை என்று விடுப்பை மறுக்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: உங்களைப் போன்றே மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று கூறி, அவருக்கு விடுப்பு வழங்க ஆணையிட்டது. அவருடைய முதல் இரண்டு குழந்தைகள் முந்தைய கணவரிடம் வளர்ந்தார்கள். உங்கள் சூழ்நிலை எவ்வளவு ஒத்தது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதி, தீர்ப்பின் நகலையும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

கேள்வி: பட்டாசு ஆலைக்குக் காலை ஏழு மணிக்கே போகிறேன். மகன் எங்கள் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலை உணவு கிடைக்குமா? (வாசகி, சிவகாசி அருகே)

பதில்: கிடைக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே உணவு தருகிறார்கள். ஏழு மணிக்கும் அதற்கும் இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருப்பான் என்பதைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி முடிவு செய்யுங்கள். பூட்டிய வாசலில் தனியே நிற்க விடாதீர்கள். மாலையில் உங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் இன்னும் நடக்கிறதென்றால் அங்கே சேர்த்துவிடுங்கள்.