தாடை மூட்டில் கால்சியம் படிவு: மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வயது 52. மெல்லும்போது வலது காதுக்கு முன்னால் மணல் நெரிபடுவது போல் சத்தம், லேசான வலி. எக்ஸ்ரேயில் ‘மூட்டுத் தேய்மானம், கால்சியம் படிவு’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் சாப்பிடும் கால்சியம் மாத்திரைதான் காரணமா? கடியை (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை) சரிசெய்ய எட்டுப் பற்களுக்கு உறை போட வேண்டும் என்கிறார்கள்.

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாடை மூட்டுக்குள் இருக்கும் சிறிய ஜவ்வுத் தட்டு விலகினாலோ கிழிந்தாலோ எலும்போடு எலும்பு உரசும். ஓரங்களில் முள் போல எலும்பு வளரும், துணுக்கும் உதிரும். ரிப்போர்ட்டில் படிவு என்பது பெரும்பாலும் இதுதான். பலருக்கு ஓரிரு வருடத்தில் வலி தானாக அடங்கிவிடும். சத்தம் மட்டும் மிஞ்சினால் அதற்குச் சிகிச்சை வேண்டாம்.

சில வாரங்கள் முறுக்கு, கரும்பு, சூயிங்கம் கூடாது. குழைந்த சோறு, இட்லி போதும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரானால் இரவில் பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளேட் உதவும்.

எட்டு உறைக்குச் சம்மதிக்காதீர்கள். கடியை மாற்றினால் மூட்டுத் தேய்மானம் குணமாகும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. உறை போடுவதற்காகப் பல்லை ராவினால், ராவிய எனாமல் திரும்ப வளராது. கழற்றக்கூடிய பிளேட்டைப் போட்டுப் பார்க்காமல் நேரே உறைக்குப் போகிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். கமிஷனுக்காக ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எழுதுவதும் நடக்கிறது. எடுத்த படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. நோயாளியின் வாயைத் திறந்துகூடப் பார்க்காத ஒருவர் எழுதும் இரண்டு வரி ரிப்போர்ட்டை வைத்து வைத்தியம் முடிவாவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். காதுக்கு முன்னால் கெட்டியான வீக்கம் வளர்ந்தாலோ, திடீரெனச் சிவந்து வலித்தாலோ, கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற படிகம் மூட்டில் சேர்ந்திருக்கலாம். இதைப் புற்றுக்கட்டி என்று பயந்தவர்களும் உண்டு, யூரிக் அமிலம் மூட்டில் சேரும் கவுட் நோய் என்று தவறான மாத்திரை விழுங்கியவர்களும் உண்டு. மூட்டு நீரையோ திசுவையோ நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். 60 வயதுக்குள் வந்தால் ரத்தத்தில் கால்சியம், மக்னீசியம், இரும்புச்சத்து, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் நான்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும். நோயின் மூல காரணம் அங்கேயும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தாடையை மட்டும் கிண்டிப் பயனில்லை.

வீக்கம் இருந்தாலோ, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டாலோ, முகத்தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.