ஓய்வுக்காலப் பணத்தில் கேரவன் வாங்கலாமா?

கேள்வி: வயது 61. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். குடியாத்தத்தில் சொந்த வீடு, மாதம் 38,000 ரூபாய் பென்ஷன். கையில் வந்த 36 லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. நானும் மனைவியும் ஊர் ஊராகப் போய்வர ஆசை. பழைய டெம்போ டிராவலர் வாங்கி, படுக்கை, அடுப்பு, கழிவறை வைத்து மாற்ற 16 லட்சம் ஆகும் என்கிறார்கள். லாட்ஜ் வாடகை மிச்சமாகுமே, வாங்கலாமா?

பதில்: லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்தத்தான் என்றால் வேண்டாம் ஐயா, கட்டுப்படியாகாது.

16 லட்சத்து வண்டியை எட்டு வருஷம் ஓட்டி 5 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருஷத்துக்கு 1,37,500. அதே பணம் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருந்தால் 8.2 சதவீத வட்டியில் வருஷம் 1,31,200 வரும்; அதையும் இழக்கிறீர்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் 75,000 ஒதுக்கினால் மொத்தம் 3,43,700. வருஷத்தில் 90 இரவு வண்டியில் படுத்தால் ஓர் இரவுக்கு 3,800 ரூபாய். முப்பது இரவோடு நின்றால் 11,450. டீசலும் டோலும் தனி. 2,500 ரூபாய்க்கு நல்ல அறையே கிடைத்துவிடும்.

வண்டிப் பயணத்தின் சுகத்துக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு, நியாயமான ஆசைதான். ஆனால் மாதம் 10,900 ரூபாய் வட்டி வருமானத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று வீட்டம்மாவும் தெரிந்து சம்மதிக்க வேண்டும். அவர் வண்டி ஓட்டுவாரா? நீங்கள் மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்றால், கண்புரை ஆபரேஷன் ஒன்று வந்தாலே வண்டி வாசலில் நின்றுவிடும். நின்றாலும் இன்சூரன்ஸ் கட்டித்தான் ஆக வேண்டும்.

பட்டறைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய செலவு காகிதத்தில் இருக்கிறது. பழைய டிராவலர்களில் பல, மஞ்சள் போர்டு வாடகை வண்டிகள். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டால் மட்டும் அது கேரவன் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் வகை மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அதுவே போதும். எனவே பட்டறைக்குக் கடைசித் தவணையாக ஒரு நல்ல தொகையை நிறுத்திவைத்து, புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகே கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். பேட்டரி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் மதிப்பைப் பாலிசியில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பில் இல்லாத பொருளுக்கு நஷ்டஈடு கேட்டு நிற்பது கஷ்டம்.

பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 2,560 வாட்-அவர். இன்வெர்ட்டரில் வீணாவது போக, 1,000 வாட் இழுக்கும் ஏ.சி. இரண்டரை மணி நேரம்கூட ஓடாது. கூரையில் 200 வாட் சோலார் போட்டாலும் நல்ல வெயில் நாளில் 800 வாட்-அவர் அளவுதான் திரும்ப ஏறும். அது ஃபேன், விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜுக்குச் சரி. நம் வேலூர் மே மாத வெயிலுக்கு 15 ஆம்பியர் பிளக் கொடுக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், அதற்கும் வாடகை உண்டு. இல்லையென்றால் ஏலகிரிக்கோ ஜமுனாமரத்தூருக்கோ மலையேறிவிட வேண்டும்.

ஏறும்போது எடைதான் வில்லங்கம். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. பிளைவுட் அலமாரி, பேட்டரி, சிலிண்டர் எல்லாம் அதன்மேல். எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் பிடிமானம் போகும். தண்ணீரை நிரப்பி எடைமேடையில் நிறுத்தி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டெலிவரி எடுங்கள்.

இப்போது பணத்தை இப்படிப் பிரியுங்கள். 6 லட்சம் மருத்துவத்துக்கு, தொடக் கூடாது. 14 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 வட்டி வரும். மீதி 16 லட்சத்தை அந்தத் திட்டத்தில் இப்போதே போட வேண்டாம். அதில் பாதியை மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, இரண்டாம் வருஷத்தில் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே அது வங்கியில் ஒரு வருஷ டெபாசிட்டில் இருக்கட்டும்.

அந்த ஒரு வருஷத்துக்குள் வாடகைக் கேரவன் எடுத்து இருவரும் பத்து நாள் போய் வாருங்கள், அதில் நான்கு நாளாவது வெயில் காலத்தில். கழிவுத் தொட்டியை நீங்களே காலி செய்யுங்கள். 20 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிரம்பிவிடும். திரும்பி வந்த பிறகு வீட்டம்மாதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் 16 லட்சத்தையும் அதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு 30 லட்சம் வரை இடமிருக்கிறது.