பனியாற்றின் மேல் ஹெலிகாப்டரில்: நியூசிலாந்துக் குளிர்காலம், வாசகர் கேள்விகள்

நியூசிலாந்தின் தென் தீவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ஜூலை விடுமுறைக்கு அங்கே கிளம்புகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் பனியாறுகளையும் மவுண்ட் குக் மலையையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

குளிர்காலத்தில் போனால் மூட்டம்தான் இருக்கும், ஜனவரியில் போங்கள் என்கிறார்கள். உண்மையா?

மேற்குக் கரையைப் பொறுத்தவரை நேர் எதிர். டாஸ்மன் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மலைத்தொடரில் மோதுவதால் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரில் ஆண்டுக்கு 5 மீட்டருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த மழை அதிகம் கொட்டுவது வசந்தத்திலும் கோடையிலும். குளிர்காலத்தில் ஒப்பீட்டளவில் குறைவு. ஒரு மழை ஓய்ந்தபின் இரண்டு மூன்று நாள் துடைத்துவிட்டதுபோல் வானம் தெளிவாக இருப்பதும் உண்டு.

கிழக்குப் பக்கம் கதை வேறு. ட்வைசல், புகாக்கி ஏரி இருக்கும் மெக்கன்சி வட்டாரத்தில் குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் நாள்கணக்கில் நகராமல் கிடக்கும். மேலே வெயில் அடிக்கும், கீழே எதிரே நிற்கும் கார் தெரியாது.

நேரத்தையும் பாருங்கள். ஜூலையில் சூரியன் எழ 8 மணி தாண்டும், மாலை 5 மணிக்குப் பிறகு சீக்கிரமே இருட்டிவிடும். மலை கிழக்கில் நிற்பதால் மேற்குக் கரைப் பனியாறுகள் காலையில் வெகுநேரம் நிழலில் கிடக்கும். காலை 11 முதல் 2 வரை கிடைத்தால் விடாதீர்கள். சூரியன் தாழ்வாக வருவதால் பிளவுகளும் மேடுகளும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். கோடை உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தட்டையாகிவிடும். ஒரு குறை: மேல் பகுதியில் புதுப்பனி போர்த்திவிடுவதால் பிளவுகள் பல மறைந்துபோகும். நீலப் பனிக்கட்டிதான் பார்க்க வேண்டுமென்றால், பனியாறு செங்குத்தாகச் சரிந்து உடையும் இடத்துக்கு மேலாகப் போக முடியுமா என்று பைலட்டிடம் ஏறும் முன்பே கேளுங்கள்.

எங்கிருந்து ஏறுவது? 20 நிமிடமா, 40 நிமிடமா?

வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊருக்கும் மவுண்ட் குக் ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். நடுவில் மலைத்தொடர் நிற்பதால் காரில் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் சாலையில் பனி இல்லாதபோது. அதனால் உங்கள் பயணம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே ஏறுங்கள்.

மேற்கில் 20 நிமிடப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரு பனியாறும் பனியில் ஓர் இறக்கமும். 30 நிமிடத்தில் இரண்டு பனியாறுகள். 40 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் மலைத்தொடரைத் தாண்டி மவுண்ட் குக்கையும் நாட்டின் மிக நீளமான பனியாறான டாஸ்மனையும் காட்டுவார்கள். விளம்பரத்தில் சிறிய எழுத்தைப் படியுங்கள்: பனியில் நிற்கும் 5 முதல் 10 நிமிடமும் பல இடங்களில் அந்த 20-க்குள்தான் அடக்கம். பறப்பது பத்து, பன்னிரண்டு நிமிடம். வாழ்நாளில் ஒரே முறை என்று போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 40 நிமிடத்தை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கிழக்கில் ஹெலிகாப்டர் தவிர சறுக்குச்சட்டம் பூட்டிய சிறு விமானமும் உண்டு. 1955-இலிருந்து டாஸ்மன் பனியாற்றில் அவை இறங்குகின்றன. பழைய கையேட்டில் மவுண்ட் குக் உயரம் 3,764 மீட்டர் என்று இருக்கும். 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன, மிச்சமிருந்த பனித்தொப்பியும் தேய்ந்தது; 2013-இல் அளந்தபோது 3,724. மாவோரிப் பெயர் ஆவோராக்கி. அதிகாரபூர்வப் பெயரில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நடந்தே போய் பனியைத் தொட முடியாதா? காசு மிச்சமாகுமே.

முன்பு முடிந்தது. ஃபிரான்ஸ் ஜோசஃப் 1983 முதல் 2008 வரை அவ்வப்போது முன்னேறியது, அதன்பின் வேகமாகப் பின்வாங்கியது. நுனி சரிந்து ஆபத்தானதால் 2012 முதல் பள்ளத்தாக்கு வழியாகப் பனியில் ஏறுவது நின்றுவிட்டது. ஃபாக்ஸ் பள்ளத்தாக்குச் சாலை 2019 நிலச்சரிவில் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்க்க நடைபாதைகள் உண்டு. பனியில் கால் வைக்க ஹெலிகாப்டர்தான்.

முன்பதிவில் எடை கேட்கிறார்கள். நான் 104 கிலோ. 95 என்று போட்டால் என்ன ஆகும்?

கவுண்டரில் தராசு இருக்கும். ஜாக்கெட், பூட்ஸ், பையில் உள்ள கேமராவோடு ஏறி நிற்கச் சொல்வார்கள். 104 என்று போட்டவர் அங்கே 108 காட்டுவார். 95 என்று போட்டவரால் மொத்தக் கணக்கும் கலைந்து, கூட வந்தவர்களில் ஒருவர் அடுத்த ஹெலிகாப்டருக்குப் போக நேரும்.

கணக்கு இதுதான். இந்தப் பகுதியில் அதிகம் பறக்கும் ஸ்குவிரல் வகை ஹெலிகாப்டர் தரையிலிருந்து எழும்போது இயந்திரம், எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து சுமார் 2,250 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பைலட்டும் ஆறு பயணிகளும் சராசரி 80 கிலோ என்றாலே 560 கிலோ. அதோடு 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 18 சதவீதம் குறைவு. விசிறி பிடித்துத் தள்ளக் காற்று அவ்வளவு குறைச்சல். குளிர்க்காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் கோடையைவிடக் குளிர்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு, அவ்வளவே. மொத்த எடை மட்டுமல்ல, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதும் முக்கியம். ஆகவே யார் எங்கே உட்காருவது என்பதைத் தராசுதான் முடிவு செய்யும். முன் இருக்கையைக் கேட்டு வாங்க முடியாது.

குறிப்பிட்ட எடைக்கு மேல் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், சில நேரம் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து. அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஸ்குவிரலில் பின்வரிசை நான்கு பேர். நடுவில் மாட்டும் இருவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் காதுதான் அதிகம் தெரியும். பனியில் இறங்கியபின், "திரும்பும்போது இடம் மாறலாமா?" என்று கேளுங்கள். எடை ஒத்துவந்தால் பல பைலட்டுகள் மாற்றி உட்காரவைப்பார்கள்.

ஊரிலிருந்து அம்மா வருகிறார். 68 வயது, மூட்டுவலி. புடவைதான் கட்டுவார். போகலாமா?

அம்மா போகலாம், புடவை கூடாது. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஏறி இறங்க வேண்டும். அது கீழே தள்ளும் காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் எழும்பும். முந்தானை, துப்பட்டா, சால்வை, தளர்ந்த தொப்பி எதுவும் நிற்காது. பறந்த துணி விசிறிக்குள் போனால் துணியோடு முடியாது. பின் குத்தினால் போதுமா என்றால் போதாது. கொசுவம் காற்றில் விரிந்து காலைத் தடுக்கும். ஒரு நாளைக்குச் சுடிதார், துப்பட்டா இல்லாமல்; அல்லது பேன்ட். மஃப்ளர் கட்டினால் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகி ஜிப்பை ஏற்றிவிடுங்கள்.

ஏறும் படி முழங்கால் உயரம் இருக்கும். நல்ல காலை முதலில் மேலே வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும், ஊழியர் தாங்கிக்கொள்வார். முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் சிறு முக்காலி வைப்பார்கள். பனியில் இறங்க வேண்டாம் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

குளிர்: 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊரில் 6 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் மைனஸ் 6, 7. ஆனால் ஹெலிகாப்டருக்குள் ஹீட்டர் ஓடும். வெளியே நிற்பது பத்து நிமிடம். அதனால் உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் போதும். தடித்த ஜாக்கெட் மேல் பெல்ட்டைப் பூட்டுவது பெரும்பாடு. கான்வாஸ் ஷூ வேண்டாம், இரண்டு நிமிடத்தில் நனையும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிடும்; தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே மேல்.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வருவதால் தாடைக்கு அடியிலும் மூக்கு நுனியின் கீழும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆள் சேராததால் சாக்குச் சொல்கிறார்களா?

ஆள் சேராததும் ஒரு காரணமாக இருப்பதுண்டு, குறைந்தது மூன்று நான்கு பேர் வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. ஆனால் அதை வெளிப்படையாகவே சொல்வார்கள். வானிலை என்றால் பெரும்பாலும் வானிலைதான். நீங்கள் நிற்பது 150 மீட்டர் உயரத்தில். பைலட் இறங்க வேண்டியது அதற்கு 2 கிலோமீட்டர் மேலே.

பைலட் பார்ப்பது மூன்று. முதலாவது காற்று. ஊரில் இலை அசையாதபோதும் முகட்டில் வடமேற்குக் காற்று சீறிக்கொண்டிருக்கும். முகட்டைத் தாண்டிய பக்கம் அது அருவிபோல் கீழே விழும், ஹெலிகாப்டரையும் சேர்த்து அமுக்கும். இரண்டாவது, பள்ளத்தாக்கின் வாய். உள்ளே நுழைந்தபின் பின்னால் மேகம் அடைத்தால் திரும்பும் வழி போயிற்று.

மூன்றாவதுதான் வெளியாருக்குப் புரியாதது: வெளிச்சம். இறங்கும்போது பைலட் வட்டமடித்துப் பனியின் மேற்பரப்பைப் படிப்பார். காற்றை எதிர்த்து வருவார். கண் தேடுவது ஏதாவது ஒரு கறுப்பு: துருத்தி நிற்கும் பாறை, முந்தைய பயணத்தின் காலடித்தடம், நட்டுவைத்த கொடி, தன் ஹெலிகாப்டரின் நிழல். அதை வைத்துத்தான் தரை எவ்வளவு கீழே என்று தெரியும். மெல்லிய மேகம் சூரியனை மறைத்தால் நிழல் எல்லாம் அழிந்துவிடும். சரிவும் வானமும் ஒரே வெள்ளை. தரை 5 மீட்டரில் இருக்கிறதா, 50 மீட்டரிலா என்பது அனுபவசாலிக்கும் தெரியாது. தரையை நெருங்கும்போது விசிறிக் காற்று பனித்தூளைக் கிளப்பினால் இருந்த ஒரு கொடியும் மறையும். 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனியாற்றில் சுற்றுலா ஹெலிகாப்டர் மோதி ஏழு பேரும் இறந்தது மேகமும் மழையும் மாறி மாறி வந்த நாளில்தான். "கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்" என்று பைலட்டை நெருக்காதீர்கள்.

நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும், அல்லது வேறு நேரம் தருவார்கள். பறந்துவிட்டு பனியில் மட்டும் இறங்காமல் திரும்பினால் என்ன தருவார்கள் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. அதை முதலிலேயே கேளுங்கள். அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். பயணத்தை முதல் நாளுக்கே பதிவு செய்தால் மறுநாள் கையில் இருக்கும். கடைசி நாள் மதியத்துக்குப் பதிவு செய்கிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள்.

பனியில் இறங்கியதும் எவ்வளவு தூரம் நடக்கலாம்?

மிதித்துக் கெட்டித்த இடத்துக்குள் மட்டும். பனிப்பிளவின் மேல் புதுப்பனி கூரைபோல் மூடியிருக்கும், பார்க்கச் சமதரை. பைலட் கைகாட்டிய பிறகே இறங்குங்கள். இறங்கினால் அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே நகருங்கள். வால் பக்கம் போகவே கூடாது. வால் விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுவதால் கண்ணுக்கே தெரியாது. சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கத்தில் மேல்விசிறி தலைக்கு அருகே வரும், அந்தப் பக்கம் ஒதுங்காதீர்கள். தொப்பி பறந்தால் போகட்டும், துரத்த வேண்டாம். செல்ஃபி ஸ்டிக்கைக் கவுண்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா?

இரண்டு வயதுக்குள் மடியில் வைக்கப் பல நிறுவனங்கள் விடுகின்றன. ஹெட்செட் பெரியவர் அளவில்தான் இருக்கும். குழந்தைக்கான காதுமூடியை வாங்கி, வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள். காது அடைப்பது இறங்கும்போது: 2,000 மீட்டருக்கு மேலிருந்து சில நிமிடத்தில் ஊர் மட்டத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குப் பாலோ தண்ணீரோ பாட்டிலில் வைத்திருங்கள், விழுங்கினால் காது திறக்கும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

போட்டோ எல்லாம் மங்கலாகவும், பனி சாம்பல் நிறமாகவும் வருகிறது. ஏன்?

மங்கல் அதிர்வால். ஜன்னலில் கேமராவையோ முழங்கையையோ சாய்க்காதீர்கள். ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல். சாம்பல் நிறம், கேமரா வெள்ளையைக் கண்டு வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடுவதால்; எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், போனிலும் திரையைத் தொட்டு ஏற்றலாம். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், வளைந்த பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் பட்டைகள் தெரியும். சிவப்பு, வெள்ளை ஜாக்கெட் ஜன்னலில் பிரதிபலிக்கும், கறுப்பு நல்லது. பனியிலிருந்து சூடான கேபினுக்குள் வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு போதுமா?

ஹெலிகாப்டர் சுற்றுலாவை விலக்கும் பாலிசிகள் உண்டு. "கால அட்டவணைப்படி இயங்கும் விமானம்" மட்டும் என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. நியூசிலாந்தில் விபத்தில் காயமானால் சுற்றுலாப் பயணிக்கும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சிகிச்சைச் செலவில் கைகொடுக்கும். நோய்க்கோ, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கோ தராது.

வாந்தி வருமா?

பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு இதிலும் வரலாம். மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். ஏறியபின் போட்டுப் பயனில்லை. லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் தூரத்து முகட்டைப் பாருங்கள்.

மேலே கழிப்பறை?

இல்லை. பனியிலும் இல்லை. காபியைத் திரும்பி வந்து குடியுங்கள்.